சர்க்கரையும் மறதியும்

இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ஆம் ஆண்டில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய பிரிவு அதுவே முதலாவது. பின்னர் 1954-இல் இராயபுரத்திலேயே இந்நோய்க்கென மருத்துவமனையொன்றையும் நிறுவினார். அந்நாளில் நோயாளிகள் அஞ்சியது கால் புண்ணுக்கும் கண் பார்வைக்கும்தான். நினைவாற்றலைப் பற்றி எவரும் கவலையுற்றதாக எனக்கு நினைவில்லை.

1921-இல் கண்டறியப்பட்ட இன்சுலின், நீரிழிவு நோயாளிகளுக்கு ஆயுளை அளித்தது; ஆயுள் நீளவே, புதியதொரு வினா எழுந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து முதியோரை ஆராய்ந்தவர்கள், நீரிழிவுடையோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என 1999-இல் வெளியிட்டனர். வாய்ப்பு என்றேன், விதி என்று கூறவில்லை, மாணவர்களே! மிகுந்த சர்க்கரை மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துபோவதும் மூளைக்குக் கேடே. மறதியோ அத்தாழ்வை வரவழைத்துவிடும்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருக்கும் பெரியவர் ஒருவர், காலையில் போட்டுக்கொண்ட ஊசியை மறந்து, மீண்டும் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் உடல் வியர்த்து, பேச்சுக் குழறியது. வீட்டார் முதுமையின் தளர்ச்சி என்றே எண்ணினர். பள்ளியில் படிக்கும் பேரன்தான் ஐயுற்று, சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்தான், பெரியவர் தெளிந்தார். இப்பொழுது ஊசி போட்ட வேளையை நாட்காட்டியில் குறித்து வைப்பவன் அவனே.