தராசில் ஏறாத துகள்

1964இல் குவார்க் கருத்து பிறந்தபின் வந்த எளிய மாதிரிகள், புரோட்டானின் 938 மெகா எலக்ட்ரான்வோல்ட் நிறையை அதிலுள்ள மூன்று குவார்க்குகளுக்கும் பங்கிட்டு, குவார்க் ஒன்றுக்குச் சுமார் 313 என்றன. இன்று அவற்றில் ஒரு வகையான ‘அப்’ குவார்க்குக்குத் தரும் மதிப்போ சுமார் 2.2தான். முன்னோர் பிழை செய்துவிட்டார்கள் என்பது அவசரத் தீர்ப்பு. அவர்கள் அளந்த பொருளே வேறு. குவார்க் தனித்து வெளிவராது, தன்னைப் பிணைக்கும் குளுவான் புலத்தைப் போர்த்திக்கொண்டே அகப்படும். அந்தப் போர்வையோடு எடை போட்டால் ஓர் எண், நீக்கிக் கணக்கிட்டால் இன்னோர் எண். உற்றுநோக்கும் ஆற்றல் அளவு மாறினாலும் எண் மாறும். அதனால்தான் லேசான குவார்க்குகளுக்கு 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் என்ற பொது அளவையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அப்படியானால் இது வெறும் ஏட்டு வழக்கம்தானே என்று கேட்கலாம். எண் வழக்கத்தைச் சார்ந்தது, விளைவு அப்படியல்ல. புரோட்டானைவிட நியூட்ரான் சுமார் 1.3 மெகா எலக்ட்ரான்வோல்ட் கனம். நியூட்ரானில் கூடுதலாயுள்ள ‘டவுன்’ வகைக் குவார்க் அப்பைவிடக் கனமாயிருப்பதே அதற்கு முதன்மைக் காரணம். அந்தச் சிறு வேறுபாடு இல்லையேல் ஹைட்ரஜன் நிலைத்திருக்காது.