சுவரும் வெயிலும்

போரில் வீடிழந்த வடக்கு-கிழக்கு மக்களுக்கென 65,000 எஃகு வீடுகளை அரசு 2016-இல் முன்வைத்தபோது, இந்த வெயிலில் அவற்றுள் எவ்வாறு குடியிருப்பது என்று மக்கள் கேட்டனர்.

கேள்வி பழையது. யாழ்ப்பாணத்தில் வசதி படைத்தோரின் நாற்சார் வீட்டைத் தடித்த சுண்ணாம்புச் சுவரும் திண்ணையும் காத்தன. உழைப்பாளியின் குடிசையைக் காத்தது பனையோலை. 1950-இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை இயங்கவே, நம் சுண்ணக்கல் சீமெந்தாயிற்று. ஓலை போய், மெல்லிய கற்சுவரும் தகரமும் வந்தன. பகலில் உண்ட வெப்பத்தைச் சுவர் இரவில் உமிழ்கிறது.

குற்றம் சீமெந்தினுடையதன்று, வழுவழுப்பே நாகரிகம் என்ற எண்ணத்தினுடையது! வரிவரியாகப் புடைத்த பூச்சில் ஒரு வரியின் நிழல் மறுவரியில் விழும். காற்றுத் தழுவும் பரப்பும் மிகும். பூச்சு ஈரமாயிருக்கையிலேயே மேசன் கீறிவிடலாம். தகரக் கூரைக்கு இது மருந்தன்று. அதற்குக் காசு வேண்டும்.