சுற்றுச்சூழல் அனுமதி எப்படித் தரப்படுகிறது? உங்கள் குரல் எந்த இடத்தில் எடுபடும்?

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு புது விமான நிலையமோ, நிலக்கரிச் சுரங்கமோ வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தத் திட்டம் ‘சுற்றுச்சூழல் அனுமதி’ வாங்கியிருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2006 செப்டம்பர் 14-ல் வெளியான அறிவிக்கைதான் இதற்கான விதிகளைச் சொல்கிறது.

அனுமதி தருவது யார்?

பெரிய திட்டங்கள் ‘ஏ’ பிரிவு. நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவெடுக்கும். மற்றவை ‘பி’ பிரிவு. அவற்றை அந்தந்த மாநிலத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கும். நீங்கள் வேலை பார்க்கும் ஐ.டி. பார்க்கின் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதுவும் இந்த விதிக்குள் வரும்.

நான்கு கட்டங்கள்

1. தரம் பிரித்தல்: ‘பி’ பிரிவுத் திட்டங்களில் எதற்கு விரிவான ஆய்வு தேவை என்று முடிவு செய்வது. ‘பி2’ என்று வகைப்படுத்திவிட்டால் ஆய்வறிக்கையும் கிடையாது, மக்கள் கூட்டமும் கிடையாது.

2. ஆய்வு வரம்பு: எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று குழு எழுதிக் கொடுப்பது.

3. மக்கள் கருத்துக்கேட்பு: வரைவு அறிக்கையை வைத்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது.

4. மதிப்பீடு: இறுதி அறிக்கையையும் மக்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, அனுமதி தரலாமா, என்ன நிபந்தனை போடலாம், இல்லை நிராகரிக்கலாமா என்று குழு பரிந்துரைப்பது.

சிக்கல் எங்கே?

விண்ணப்பத்தில் உள்ள தகவல்களைத் தருவது திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்கு அங்கீகாரம் தேவை, சரி. ஆனால் அதற்குப் பணம் கொடுப்பதும் அதே விண்ணப்பதாரர்தான். அங்கே ஒரு காடோ ஓடையோ விடுபட்டுப் போனால், டெல்லியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கும் குழுவுக்கு அது தெரியாமலே போகலாம்.

கோவாவின் மோபா விமான நிலையத்துக்கு 2015-ல் அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுற்றியுள்ள காடுகள் உள்ளிட்ட முக்கியத் தகவல்கள் விண்ணப்பத்தில் சொல்லப்படவில்லை என்று கண்ட நீதிமன்றம், 2019 மார்ச்சில் அனுமதியை நிறுத்திவைத்து, மறுபடி ஆராயச் சொன்னது. கூடுதல் நிபந்தனைகளோடு 2020 ஜனவரியில் தடை விலகியது. 2022 டிசம்பரில் விமான நிலையம் திறக்கப்பட்டது. திட்டம் நிற்கவில்லை, ஆனால் நிபந்தனைகள் கூடின.

நீங்கள் என்ன செய்யலாம்?

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே செய்தித்தாள்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். முழு வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். கூட்டத்தில் பேசும் உரிமை அந்தப் பகுதி மக்களுக்கு. வெளியூரில் வேலை பார்க்கிறீர்களா? திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பில் உங்களுக்கும் அக்கறை இருந்தால் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம்.

கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்பட வேண்டும். மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை முடிவில் உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது ஓட்டெடுப்பு இல்லை. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதை மட்டும் வைத்து திட்டம் நிற்காது. “அறிக்கையில் இந்தப் பக்கத்தில் ஏரி இல்லை என்கிறார்கள், இதோ ஏரி” என்று ஆதாரத்தோடு சொன்னால், அதற்கு விண்ணப்பதாரர் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி வந்த பிறகும் வழி இருக்கிறது. 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

விண்ணப்பங்கள், அனுமதிக் கடிதங்கள், குழுக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவேற்றப்படுகின்றன. உங்கள் மாவட்டத்தில் என்னென்ன திட்டங்கள் வரிசையில் இருக்கின்றன என்று அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.