திருகை எப்போது அழகானது?

ஓசூர்ப் பக்கத்து வரலாறு என்றால் எல்லோரும் தொழிற்சாலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது, டிவிஎஸ் 50 ஓட ஆரம்பித்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. எல்லாம் சரிதான். ஆனால் இந்த வரலாறு கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் நடந்து போய்ச் சேர்கிற வீட்டுக்குள் இந்த ஐம்பது வருடத்தில் என்ன நடந்தது? எது உள்ளே வந்தது, எது வெளியே போனது, வெளியே போனதில் எது திரும்பி வந்தது?

நான் இருப்பது உத்தனப்பள்ளியில். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் உள்ள ஊர். மளிகைக் கடையில் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் காதில் விழும். இரண்டு பிள்ளைகள், ஷிஃப்ட் வேலைக்குப் போகிற கணவர், கூடவே அத்தை. காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி முடித்தால்தான் என் நாள் தொடங்கும். இதற்கு நடுவில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு: வீட்டை அலங்கரிப்பது. போனில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பிள்ளைகளின் படங்களும் மற்றவர்கள் வீட்டு ஹால் படங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் பழைய சாமான் கடைக்குப் போய்விடுவேன். அப்படிச் சேர்ந்தவை: அடி நசுங்கிய ஒரு பித்தளைச் செம்பு, கால் உடைந்த மரப்பெட்டி, மைசூர் போகிற வழியில் வாங்கிய சென்னபட்டணா மர பொம்மைகள், அப்புறம் இடித்த வீடு ஒன்றிலிருந்து கிடைத்த ஒரு திருகை. மேல்கல், கீழ்கல் இரண்டும் முழுசாக இருந்தன.

திருகையை ஹால் மூலையில் வைத்து, மேலே ஒரு மணிபிளான்ட் வைக்கலாம் என்பது என் திட்டம். இப்போது எல்லா அலங்காரப் படங்களிலும் அது இருக்கிறது. ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள், உரலைக் கவிழ்த்து ஸ்டூல் ஆக்குகிறார்கள், அம்மிக்கல் வாசலில் படியாகிறது. ஆனால் அத்தை சம்மதிக்கவில்லை.

"வெளில வேணா வெச்சுக்கம்மா. வீட்டுக்குள்ள வேணாம். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அதச் சுத்துனவளுக்குத்தான் அது என்னான்னு தெரியும்."

எனக்கு அது அழகு. அவருக்கு அது தோள்பட்டை வலி. ஒரே கல்தான். நடுவில் ஓடியது ஒரு தலைமுறை.

இந்த ஊர்களில் திருகை என்றால் ராகி. நெல்லுக்கு முன்னால் இது கேழ்வரகு பூமி. களிதான் சாப்பாடு. களிக்கு மாவு வேண்டும், மாவுக்குக் கல் சுற்ற வேண்டும். மேல்கல்லின் குழியில் ஒரு கை ராகியைப் போடுவது, மரப்பிடியைப் பிடித்துச் சுற்றுவது, ஓரத்தில் உதிர்கிற மாவைக் கூட்டி எடுப்பது. கையால் சுற்றுகிற இந்தக் கல்லை ரோமானியர்களும் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக உலகத்தின் பல மூலைகளில் பெண்கள் இதையே சுற்றியிருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் 'பீசுகல்லு பாட்டு' என்று ஒரு பாட்டு வகையே உண்டு. மாவு அரைக்கும்போது பெண்கள் பாடியவை. நாட்டுப்புறவியல் அறிஞர்கள் அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்திருக்கிறார்கள். பிறந்த வீட்டு நினைப்பு, அண்ணன்மேல் பாசம், புகுந்த வீட்டுப் பாடு எல்லாம் அதில் வரும். அவ்வளவு பாட்டு பாடுகிற அளவுக்கு வேலை நீளமாக இருந்திருக்கிறது என்பதையும் நாம் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மாவு மில் வந்ததும் திருகை நின்றது. ஆட்டுக்கல்லை நிறுத்தியது கோயம்புத்தூர். 1950களில் அங்கே பிறந்த வெட் கிரைண்டருக்குப் பிற்பாடு புவிசார் குறியீடே கிடைத்தது. அம்மியை ஓரங்கட்டியது மிக்சி. அதன் கதை சுவாரசியமானது. 1960களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவரின் ஜெர்மன் மிக்சர் புகைந்து நின்றுபோனது. இந்தியச் சமையலின் மஞ்சளையும் ஊறவைத்த பருப்பையும் அந்த மோட்டாரால் தாங்க முடியவில்லை. அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் பொறியாளர். மனைவிக்காக அவர் வடிவமைத்த மோட்டார்தான் 'சுமீத்' மிக்சியாக 1963இல் நிறுவனமானது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது கல்லின் கதை ஏழை வீடுகளிலும் முடிந்தது. கொல்லைப்புறத்தில் பத்து இருபது வருடம் மழையில் கிடந்த பிறகு, அதே கல் இப்போது 'ஆன்டிக்' என்ற பெயரில் வீட்டுக்குள் வருகிறது.

பித்தளைக்கும் இதே கதைதான். பித்தளையில் புளிச் சமையல் வைத்தால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். ஈயம் தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும். வெளியே கறுக்கும், அதற்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வர் வந்ததும் பெண்கள் பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு அதை வாங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையே துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. "பாட்டி அந்த அண்டாவை வித்துட்டாங்களே" என்று இன்று நாம் அங்கலாய்க்கிறோம். பாட்டி விற்றது அண்டாவை மட்டும் இல்லை, தினமும் அரைமணி நேரத் தேய்ப்பையும் சேர்த்துத்தான். நான் இப்போது அந்த நசுங்கிய செம்பை மாதம் ஒருமுறை பாட்டு கேட்டுக்கொண்டே தேய்க்கிறேன். மாதம் ஒருமுறை என்பதால்தான் அது பொழுதுபோக்கு.

தரையைப் பாருங்கள். சாணி மெழுகிய மண்தரை, அடுத்து சிமென்ட், அடுத்து மொசைக், அடுத்து இந்த மாவட்டத்திலேயே வெட்டியெடுக்கிற கிரானைட், இப்போது டைல்ஸ். மெழுகுகிற வேலை போன பிறகுதான் 'மண்வாசனை' என்ற ஏக்கம் வந்தது. வாசல் கோலம்கூட ஸ்டிக்கராகிவிட்டது. கையால் போடுகிற கோலம் மார்கழிக்கும் பண்டிகைக்கும் என்று தனி இடத்துக்குப் போய்விட்டது.

ஆக, வீட்டு அலங்காரத்துக்கு ஒரு விதி இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. ஒரு தலைமுறைப் பெண்களின் வேலை, அடுத்த தலைமுறையில் யாரும் அதைச் செய்யத் தேவையில்லை என்றானபின், அழகுப்பொருள் ஆகிறது. யாரோ ஒருவர் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கும்வரை அது அழகாகத் தெரிவதில்லை. ஹாலில் யாராவது பாத்திரம் துலக்குகிற ஸ்பான்ஜை ஃபிரேம் போட்டு மாட்டுவார்களா?

சரி, இவ்வளவு வேலை குறைந்திருக்கிறதே, மிச்சமான நேரம் எங்கே?

இதை 1983இலேயே ஓர் அமெரிக்க வரலாற்றாய்வாளர் கேட்டுவிட்டார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்கிற பொருளில் இருக்கும். அவர் காட்டுவது இதுதான்: வீட்டுச் சாதனங்கள் வந்தபோது வேலையின் கடுமை குறைந்தது, நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்த பங்கு மறைந்து, மிச்சம் அத்தனையும் அம்மா ஒருத்தியின் தலையில் வந்தது. கூடவே எதிர்பார்ப்பும் ஏறியது. வாஷிங் மெஷின் வந்ததும் துணியை அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் அப்படித்தானே? கல்லில் அரைத்த காலத்தில் இட்லி பண்டிகைப் பலகாரம். கிரைண்டர் வந்தபிறகு அது தினசரி டிபன்.

நம்ம நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள். அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் நமக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்துவிட்டது!

இங்கேதான் ஓசூர் மறுபடி உள்ளே வருகிறது. பெங்களூரில் 1961இல் எச்எம்டி கடிகார ஆலை வந்தது. மாப்பிள்ளைக்கு எச்எம்டி வாட்ச் போடுவது கௌரவம். 1980களின் பிற்பாதியில் டைட்டன் அதை ஓசூருக்கே கொண்டுவந்தது. சுற்று வட்டாரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பையன்களையும் பெண்களையும் எடுத்து வேலை பழக்கினார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளே கடிகாரம் செய்தார்கள், அந்தக் கடிகாரம் நம் சுவரில் ஏறியது. அடுப்பங்கரையிலும் ஓசூர் இருக்கிறது. பிரஸ்டீஜ் குக்கர் செய்கிற டிடிகே பிரஸ்டீஜின் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில்தான். அந்தக் குக்கர் மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கெட் அந்த வழியாகப் பிதுங்கி, ஆவியை வெளியே விட்டுவிடும், குக்கர் வெடிக்காது. இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம், அம்மாக்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் தேவலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு வகை நேரங்களைப் பிரிக்கிறார். ஒன்று வேலையை வைத்து அளக்கிற நேரம்: மாடு கறக்கிற நேரம், களை எடுத்து முடிகிற நேரம். இன்னொன்று கடிகாரத்தை வைத்து அளக்கிற தொழிற்சாலை நேரம். ஆலை வந்த பிறகும் சின்னப் பிள்ளைகளின் தாய் முழுசாகக் கடிகாரத்துக்குள் போய்விடவில்லை என்பதையும் அவர் கவனிக்கிறார். பிள்ளைக்குப் பசிப்பதும் காய்ச்சல் வருவதும் ஷிஃப்ட் பார்த்து வராது. 'பிஸி' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சரியான விளக்கம் இதுதான். ஒரே உடம்பு, இரண்டு நேரத்திலும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. அத்தைக்கு உழைப்பு என்னைவிட அதிகம். ஆனால் அவர் பிஸி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு நேரம் சூரியனிடமும் மாட்டிடமும் இருந்தது. எனக்கு பஸ் 5.40க்கு. இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே செல்போன் பாகங்கள் செய்கிற பெரிய ஆலை வந்திருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். நாளை அவர்களில் பலர் அம்மா ஆவார்கள். அந்த இரண்டு நேரங்களும் அவர்களுக்காகவும் காத்திருக்கின்றன.

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி. எங்கள் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்டுச் செத்த வீரனின் பெயரைக் கல்லில் வெட்டிய மண். பெண்களின் பெயர் அதிகமாகக் கிடைப்பது இந்தப் பாத்திரங்களில்தான் என்று நினைக்கிறேன். நடுகல்லைப் படிக்கிற கவனத்தோடு ஒரு வீட்டின் பரணைப் படித்தால், அந்த வீட்டுக்கு எந்த ஊரிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள், யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்று ஒரு வரலாறே எழுதிவிடலாம்.

ஆனால் நிலத்தில்? 1989லேயே தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்து சட்டம் திருத்தப்பட்டது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. இருந்தும் பட்டாவில் இருப்பது பெரும்பாலும் அப்பா, தாத்தா, அண்ணன் பெயர்தான். 2023இல் இங்கே ஐந்தாவது சிப்காட்டுக்காக நிலம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சி விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். நிலம் போனால் இழப்பீடு பட்டாக்காரருக்கு வரும். அந்த நிலத்து ராகியை அரைத்தவருக்கு என்ன வரும் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. 2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கியது. தொகை சின்னது. ஆனால் உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது, இந்தக் கணக்கில் போடப்பட்ட முதல் வரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

திருகை இப்போது வெளியே கொய்யா மரத்தடியில் இருக்கிறது. போன வாரம் மகள் அதைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டாள். அத்தையே கொஞ்சம் ராகி கொண்டுவந்து போட்டு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டினார். பத்துச் சுற்றில் அவளுக்குக் கை வலித்துவிட்டது. "இவ்ளோதான் மாவா பாட்டி?" என்று கேட்டாள். உள்ளங்கை அளவு மாவு.

"ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு இத மாதிரி எத்தன கை வேணும், நீயே கணக்குப் போடு" என்றார் அத்தை.

மகள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் அடுப்பை அணைக்க ஓடினேன்.