செலுத்துவாங்கி

பதுளை நகரில் ஓர் அலுவலகத்தின் சேர்வர் அறையில், ஒளியிழை வலையமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்தும் வேலை நடந்தது. பெருவிரல் அளவு உலோகத் துண்டுகள் இரண்டை நீட்டி, "இந்த ரிசீவர் ரெண்டும் ஒரே மாதிரிதான் சேர், ஆனா லைட் எரியல்ல" என்றார் உடன் வேலைசெய்த தம்பி. பிழை பொருளில் மட்டுமல்ல, சொல்லிலும் இருந்தது. அது ரிசீவர் அல்ல, டிரான்ஸீவர். அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் பெறும் ரிசீவரும் ஒட்டிப் பிறந்த பெயர். வானொலிக்காரர் வழியே வந்தது. ஒற்றை இழையில் இருபுறமும் பேசும் இந்த வகையில், ஒரு முனை 1270 நானோமீற்றரில் அனுப்பி 1330இல் பெற்றால், மறுமுனை தலைகீழாக இருக்கவேண்டும். ஒரே மாதிரி இரண்டை வாங்கினால் இருவரும் பேசுவார்கள், கேட்க ஆளிருக்காது. 'ரிசீவர்' என்று சொல்லிப் பழகியதால் அனுப்பும் பாதி மறந்தேபோனது. தமிழில் 'செலுத்துவாங்கி' என்பேன். 'செலுத்து' என்பது 'செல்'லின் பிள்ளை: செல்லவைப்பது. வண்டி செலுத்தினோம், வரி செலுத்தினோம், இனி ஒளியும் செலுத்தலாம். 'வாங்கு' இன்னும் சுவையானது. பழந்தமிழில் அதற்கு வளைதல், இழுத்தல் என்று பொருள், வில்லை வாங்கினார்கள். தன்பக்கம் இழுப்பதே பெறுவதாகி, பின் காசுக்குப் பெறுவதாயிற்று. நம் பள்ளிகளில் உட்காரும் வாங்கு வேறு. அது போர்த்துக்கேயர் தந்தது. கொடுக்கல் வாங்கலை ஒரே மூச்சில் சொல்லும் மொழியில், இரு வேலை செய்யும் கருவிக்குப் பாதிப் பெயர் தகாது.