பாட்டுக்காகவே ஒலி: கெடா தோட்டங்களின் கேட்டல் வரலாறு

1920களின் இறுதியில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டுப்பட்டது. அந்தக் கூலியில் கிராமபோன் பெட்டி வாங்குவதை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் கனவில்கூட நினைத்திருக்க முடியாது. ஆனாலும் தமிழ்நாட்டு நாடக மேடைப் பாடகர்களான கிட்டப்பாவின் குரலும் கே.பி. சுந்தராம்பாளின் குரலும் கடல் தாண்டி வந்தன. தலைமை எழுத்தரான பெரிய கிராணி வீட்டிலோ வசதியான கங்காணி வீட்டிலோ ஒரு பெட்டி இருந்தால் போதும். கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கெடா மாநிலத்தின் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் இசை கேட்ட வரலாறு இப்படி அடுத்தவர் வாசலில்தான் தொடங்குகிறது.

ஒலியின் துல்லியத்தைத் தேடி அலைபவரை ஆடியோபைல் என்கிறார்கள். மிருதங்கத்தின் தொப்பி பதிவுக்கூடத்தில் எப்படி முழங்கியதோ, அப்படியே தன் வீட்டுக் கூடத்திலும் முழங்க வேண்டும் என்பது அவர் ஆசை. இசைப் பிரியருக்குப் பாட்டு வந்து சேர்ந்தாலே போதும். இரைச்சலையும் கீறலையும் அவர் காது தானாகவே ஒதுக்கிவிடும். இந்த இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் பொதுவாகப் பேசப்படுகிறது. கெடா தோட்டங்களின் கதை அப்படிச் சொல்லவில்லை.

அந்தக் கால இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். மேடையில் மணிக்கணக்கில் விரித்துப் பாடியவர்கள்கூட அந்த மூன்று நிமிடத்துக்குள் பாட்டை அடக்கியாக வேண்டும். 1925க்கு முன் மைக் கிடையாது; பாடகர் ஒரு கூம்புக்குள் வாய் வைத்து உரக்கப் பாடினார். மின்முறைப் பதிவு வந்த பிறகே மென்குரலுக்கும் தட்டில் இடம் கிடைத்தது. கேட்பவருக்கும் வேலை இருந்தது. சாவி கொடுக்க வேண்டும், எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி தட்டை அறுத்துவிடும் என்று தெரிந்து ஊசியை எண்ணி எண்ணிச் செலவழித்தவர், ஆடியோபைல் என்ற பெயர் தெரியாமலே ஒலியைப் பேணக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் காதுகளையும் அடைத்தது. ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை கேட்பது குற்றம். வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்து, சிற்றலை வாங்கும் பகுதியை முடக்கினார்கள். 1943 அக்டோபரில் கெடா சயாமின் கைக்கு மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து சரக்கும் வரவில்லை. 1944 தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வெளியான ‘ஹரிதாஸ்’ படத்தின் பாட்டுகளை இங்கிருந்தவர்கள் கேட்கப் போர் முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. 1948இல் அவசரகாலம் வந்த பிறகு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரசே புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. ஊரடங்கும் முள்வேலியுமாக இருந்த அந்த நாள்களில், அதே பெட்டியில்தான் தமிழ்ப் பாட்டும் வந்தது.

1960களில் ஜப்பானிய டிரான்சிஸ்டர்கள் பரவியதும் வானொலி லயத்து வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாடினால் அந்தப் பக்கமும் கேட்கும். ஒரு பெட்டி வரிசைக்கே போதும். பல தோட்டங்களில் மின்சாரம் இரவில் சில மணி நேரம் மட்டுமே. பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். நேயர் விருப்ப நிகழ்ச்சியில் தோட்டத்தின் பெயரும் கேட்டவர் பெயரும் வாசிக்கப்பட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. சிற்றலையில் இலங்கை வானொலியோ சென்னையோ எட்டிப் பிடிக்க, செம்புக் கம்பியை உயரமான கம்பத்தில் கட்டி, அலை ஏறி இறங்கும்போது முள்ளை மயிரிழை அளவு திருப்பி, பல்லவி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. அது கருவி மோகம் என்று யாரும் சொல்ல முடியாது. பாடகி பி. சுசீலாவின் ஒரு சங்கதி தவறிப் போய்விடக் கூடாது என்ற தவிப்பு அது.

திருவிழாவின் ஒலியே வேறு. விடியலுக்கு முன்னே மாரியம்மன் கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி டி.எம். சௌந்தரராஜனையும் சீர்காழி கோவிந்தராஜனையும் எல்.ஆர். ஈஸ்வரியையும் பால்மரக் காட்டுக்குள் தூரம் வரை அனுப்பும். அந்தக் குழாயில் அடிநாதம் அநேகமாக வராது. குரல் தொலைவு போகத்தான் அது செய்யப்பட்டது. மரத்தடியில் உறுமி முழங்கும்போது, குழாயில் இல்லாத அந்த அடிநாதம் நெஞ்சுக்குழியில் வந்து மோதும். ஒரே நாளில் இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, நேரில் கேட்கும் ஒலிக்கும் கருவி தரும் ஒலிக்கும் உள்ள தூரத்தை எந்தப் பத்திரிகையும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கில் ஆடியோபைல் என்ற ஆள் உருவானது 1948இல் வந்த எல்.பி. தட்டோடும், 1958இல் கடைக்கு வந்த ஸ்டீரியோத் தட்டோடும். தனி அறை, இரண்டு ஒலிபெருக்கி, நடுவே ஒரே ஒரு நாற்காலி. லயத்தில் அந்த அறைக்கு இடம் ஏது?

ஸ்டீரியோ கெடாவுக்கு மெதுவாக, கேசட் வழியாக வந்தது. பிலிப்ஸ் 1963இல் அறிமுகம் செய்த அந்தச் சிறிய நாடா, எழுபதுகளின் பிற்பாதியில் தோட்டத்து இளைஞனுக்கும் கைக்கெட்டியது. 1976இல் இளையராஜா இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் வந்தது. 1978இல் ‘பிரியா’ படத்துக்காக அவர் ஸ்டீரியோவில் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒரு வாத்தியம் இடது பக்கமும் இன்னொன்று வலது பக்கமும் கேட்டபோது, பாட்டுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்களா என்று காது வியந்தது. அதன்பிறகுதான் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பது, சிறு திருப்புளியால் அதன் கோணத்தைச் சரிசெய்வது, சாதா நாடாவா குரோம் நாடாவா என்று வாதிடுவது எல்லாம் நுழைந்தன. பேஸ் லைனைத் தனியாகப் பிரித்துக் கேட்பதற்காக நல்ல ஸ்பீக்கர் தேடியவன், முதலில் அந்தப் பாட்டில் மயங்கியவன்தான்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக வட்டாரம் திறக்கப்பட்டது. அங்கு முதலில் வந்த நிறுவனங்களில் கார் வானொலி செய்யும் கிளாரியனும் ஒன்று. பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தொழிற்சாலைப் பேருந்துகள் கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்தும் பெண்களை ஏற்றிச் சென்றன. தாய் பால்மரம் வெட்டினாள். மகள் மின்னணுச் சாதனங்களுக்கு உறுப்புகளைப் பற்றவைத்தாள். உலகத்தின் ஒலிக் கருவிகளுக்குப் பின்னே இந்தப் பெண்களின் கண்ணும் விரலும் இருந்தன என்பதை ஆடியோ வரலாறு எழுதுபவர்கள் மறக்கக் கூடாது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாயின. லயத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தார்கள். இன்று ஆளுக்கொரு கைப்பேசி, காதுக்கொரு இயர்போன். அன்று சிற்றலையில் கனவு காண முடியாத தெளிவு எல்லார் கையிலும் இருக்கிறது. சேர்ந்து கேட்கும் வாசல்தான் குறைந்துவிட்டது.

ஆகவே ஒலிப் பிரியரா, இசைப் பிரியரா என்ற சண்டை இந்த மண்ணுக்குப் பொருந்தாது. இங்கே பாட்டின் மேல் ஆசை முதலில் வந்தது. அந்த ஆசையே ஒலியின் மேல் அக்கறையாக வளர்ந்தது. பாட்டை மறந்து கருவியின் விலையை மட்டும் பேசும்போதுதான் அந்த அக்கறை வெறும் பகட்டாகிறது.

அந்த அக்கறைக்கு இப்போது அவசரமான வேலை ஒன்று காத்திருக்கிறது. தோட்டங்களில் பாடப்பட்ட தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியைப் பழித்த பாட்டு ஆகியவற்றின் வரிகளை ஆய்வாளர்கள் திரட்டி அச்சிட்டிருக்கிறார்கள். மெட்டும் குரலின் குழைவும் அச்சில் வராது. அவை இன்று முதியவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. நல்ல மைக்கும் நல்ல காதும் உள்ள கெடா நண்பர்களே, அவர்களைத் தேடிப் போங்கள். விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மைக்கை அருகில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். சுருக்காத கோப்பாகப் பதிவு செய்து, பாடியவரின் சம்மதத்தோடு அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் சேருங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒருவரிடமாவது போய்விட்டு வாருங்கள்.