சரிகை காட்டிக்கொடுத்த கொள்ளையர்

1999இல் வெளிவந்த 'பிளங்கெட் அண்ட் மெக்ளீன்' படத்தை நான் உடைகளுக்காகவே பார்த்தேன். பட்டுக்கடையில் பிறந்து வளர்ந்தவன். திரையில் யார் என்ன பேசினாலும் என் கண் முதலில் துணியின் மேல்தான் போய் நிற்கும். இயக்குநர் ஜேக் ஸ்காட், ரிட்லி ஸ்காட்டின் மகன். அவருக்கு இது முதல் படம். 18ஆம் நூற்றாண்டு லண்டன் சீமான்களின் நடன அரங்கில் இன்றைய டெக்னோ தாளத்தை ஒலிக்க விட்டிருக்கிறார். வெள்ளை மாவு பூசிய முகங்கள், சேறு, மெழுகுவத்தி, பட்டு என்று கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு வழிப்பறிக்காரர்களின் நிஜக் கதையைப் படித்தவனுக்கு ஒரு குறை உண்டு. படத்தில் உடை அலங்காரமாக நின்றுவிடுகிறது. நிஜத்தில் அந்தக் கதையை ஆரம்பித்ததும் முடித்ததும் உடைதான்.

ஜேம்ஸ் மெக்ளீன் 1724இல் அயர்லாந்தின் மொனகனில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். தகப்பன் வைத்துவிட்டுப் போன பணத்தை ஆடையிலும் உல்லாசத்திலும் கரைத்தார். லண்டனுக்கு வந்து கல்யாணம் செய்து, பெண் வீட்டார் தந்த பணத்தில் வெல்பெக் தெருவில் மளிகைக்கடை போட்டார். மனைவி இறந்ததும் கடையை விட்டார். குழந்தையை மாமியார் வீட்டில் விட்டார். பணக்காரப் பெண் ஒருத்தியை மணந்து நிமிர்ந்துவிடலாம் என்பது அடுத்த திட்டம். அதற்குக் கனவான் வேடம் வேண்டும். வேடத்துக்குக் காசு வேண்டும். மருந்துக்கடைக்காரரான வில்லியம் பிளங்கெட் கூட்டாளியாகச் சேர்ந்தார். இருவரும் முகமூடி மாட்டிக்கொண்டு குதிரை ஏறினார்கள். ஏழைகளுக்காகக் கொள்ளையடித்தார்கள் என்று சொல்ல இதில் ஒரு துரும்பும் இல்லை.

காலம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. நாணயங்களை மடியில் கட்டிக்கொண்டுதான் பயணம் போக வேண்டும். லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ பொட்டல் வழியாகத்தான் பாத், எக்ஸிட்டர் சாலைகள் போயின. இன்று நாம் காணும் போலீஸ் அன்று கிடையாது. வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுப்பவருக்கு 40 பவுண்டு என்று 1692லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பணத்துக்காக ஆள் பிடிப்பவர்கள் ஒரு கூட்டமாகப் பெருகியதற்கு அந்தச் சட்டமே வழி.

1749 நவம்பரில் ஹைட் பார்க்கில், நிலவொளியில் வண்டியில் வந்துகொண்டிருந்த ஹொரேஸ் வால்போலை இருவரும் மறித்தார்கள். முன்னாள் பிரதமரின் மகன் அவர். மெக்ளீனின் துப்பாக்கி தானாக வெடித்து, குண்டு கண்ணுக்குக் கீழே தோலை உரசிக்கொண்டு போனது. இத்தனைக்கும் அந்தப் பூங்காவின் ராஜபாட்டையில் கொள்ளையருக்குப் பயந்து மூன்றாம் வில்லியம் மன்னர் எண்ணெய் விளக்குகள் போட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பறித்த கடிகாரத்தைத் திருப்பித் தர விலை பேசிப் பிறகு ஒரு கடிதம் வேறு வந்தது, அதுவும் மரியாதையான நடையில். இந்த மரியாதையைத்தான் பிற்காலம் கொண்டாடியது. என்னால் அப்படிக் கொண்டாட முடியவில்லை. குண்டு அரை விரல் உள்ளே போயிருந்தால் அந்த மரியாதைக் கடிதத்தை யாருக்கு எழுதுவது?

1750 ஜூன் 26 அன்று சாலிஸ்பரி போகும் பயணிகள் வண்டியை மறித்தார்கள். அதே நாளில் ஹவுன்ஸ்லோ பொட்டலில் எக்ளிண்டன் பிரபுவையும் வழிமறித்து, அவர் கையிலிருந்த அகலவாய்த் துப்பாக்கியையும் கொண்டுபோனார்கள். பயணிகள் வண்டியில் கிடைத்த மூட்டையில் இருந்தது துணிமணி. அன்றைய லண்டனில் உடுப்பு என்பது கையில் இருக்கிற ரொக்கம் மாதிரி. அடகு வைக்கலாம், விற்கலாம். மன்மத் தெரு முழுக்கப் பழைய உடுப்பு வியாபாரம்தான். திருட்டு வழக்குகளில் துணிக்குத் தனி இடம் உண்டு. அதிலும் சரிகை என்பது பட்டு நூல்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. அதன்மேல் தங்க முலாம். அவுன்ஸ் கணக்கில் நிறுத்து விற்பார்கள். பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று நம் தெருக்களில் கூவிக்கொண்டு வருபவர் கண் வைப்பதும் இந்த வெள்ளியின் மேல்தானே.

மெக்ளீன் அந்த மூட்டையிலிருந்த, சரிகை வைத்த ஓர் உள்சட்டையை விற்றார். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு போனது, அந்தச் சரிகையைச் சமீபத்தில் விற்ற வியாபாரியிடமே என்று வால்போல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. மற்றவர்களுக்கு இது நம்ப முடியாத தற்செயலாகத் தோன்றலாம், எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கடையில் அப்பா, பத்து வருஷத்துக்கு முன் விற்ற புடவையை யாராவது கட்டிக்கொண்டு வந்தால், கரையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு எந்தத் தறிக்காரர் நெய்தது என்பதுவரை சொல்வார். தான் விற்ற சரக்கு வியாபாரியின் கண்ணுக்குத் தப்பாது. ஊர் சுற்றிக் கொள்ளையடித்தவருக்குக் கடைக்காரரின் கண்ணைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை; அதுவும் மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு!

செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவர் குடியிருந்த அறையைச் சோதித்தபோது அலமாரி நிறைய உடைகள், 23 பணப்பைகள், பிரபுவின் துப்பாக்கி எல்லாம் கிடைத்தன. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை. தீர்ப்புக்கு அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நியூகேட் சிறைக்கு 3,000 பேர் பார்க்க வந்தார்கள் என்றும், புழுக்கத்தில் அவர் இரண்டு முறை மயங்கி விழுந்தார் என்றும் வால்போல் எழுதுகிறார். சீமாட்டிகளும் வந்தார்கள். மெக்ளீனால் சுடப்பட்ட வால்போல் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அந்த மனிதரிடம் எனக்கு மதிப்பு வந்ததே இதனால்தான்.

அக்டோபர் 3 அன்று டைபர்ன் தூக்குமேடையில் தூக்கிலிட்டார்கள். வயது 26. அடுத்த வருஷம் ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட 'கொடுமையின் நான்கு நிலைகள்' வரிசையின் கடைசிப் படத்தில், பிணம் அறுக்கும் கூடத்தில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. மேலே இவர் பெயர். திரைப்படத்திலோ கடைசி நேரத்தில் கயிறு அறுந்து இவர் தப்பிவிடுகிறார். நிஜத்தில் தப்பியது பிளங்கெட். அவர் பிடிபடவே இல்லை.

குதிரைத் துரத்தலையும் துப்பாக்கிச் சண்டையையும் அவ்வளவு ஆசையாக எடுத்த ஜேக் ஸ்காட், அந்தச் சரிகைக் கடைக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம். உள்சட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, கடைக்காரர் தன் சரக்கை அடையாளம் காணும் அந்தக் கட்டத்துக்காகவே நான் இன்னொரு முறை டிக்கெட் வாங்கியிருப்பேன்.